பத்தாவது பை

திருமங்கலம்
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள பவதாரிணி அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், எங்கள் விடுதியில் இன்று காலை இட்லி வெந்திருந்தது. பள்ளி திறந்த நாளிலிருந்து இப்படி ஒரு சம்பவம் நடந்ததில்லை. வார்டன் இம்மானுவேல் சார் ஓர் இட்லியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விசாரணைக்கு முழு ஒத்துழைப்புத் தருவதாகச் சமையல் மாஸ்டர் தெரிவித்திருக்கிறார். சட்னி மட்டும் வழக்கம்போலத் தலைமறைவு.

சிரித்திருக்கமாட்டாய். போன ஞாயிறு வார்டன் போனிலிருந்து கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. இன்றும் கூப்பிட்டேன், இன்றும் எடுக்கவில்லை. இங்கே எங்களுக்குச் செல்போன் கிடையாது, வாரத்துக்கு ஒரு தடவை அஞ்சு நிமிஷம்தான். விடுதி என்று பேர் வைத்திருக்கிறார்களே தவிர, எதற்கும் விடுவதில்லை. அதனால்தான் பல்கலைக்கழக விலாசத்துக்கு இந்தக் கடிதம். தபால்காரர் கொண்டுவந்து நீட்டினால் வாங்கித்தானே ஆகவேண்டும்.

கோபத்துக்குக் காரணம் தெரியும். அம்மா சொன்னாள். சின்னான் மாமா விஷயம்.

என் பக்கத்து நியாயத்தை முதலில் பதிவு செய்கிறேன். புகையிலைப் புகையில் கலந்து பறக்கிற விஷங்களை அளப்பது உன் ஆராய்ச்சி. அதற்கு நம் ஊரைத் தேர்ந்தெடுத்தது நீ. ஆடித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் எட்டு நாளும் பீடி, சிகரெட், கறி, சாராயம் எதையும் தொடமாட்டார்கள். பீடிக்காரர்கள் எல்லாரும் ஒரே நாளில் நிறுத்துகிற ஊர் வேறு எங்கே கிடைக்கும் என்று குதித்தாய். காப்புக் கட்டுவதற்கு முன் ஆளுக்கு ஒரு பை மூச்சு, திருவிழா அன்று காலையில் இன்னொரு பை. பீடி குடிக்கிற ஒன்பது பேரை வீடு வீடாகப் போய்க் கூட்டிவந்தது யார்? பையின் வாயைப் பிடித்துக்கொண்டு, "பலூன்னு நெனச்சு ஊதுங்க மாமா" என்று தொண்டை கட்டக் கத்தியது யார்? பீடியே தொடாதவன் மூச்சும் ஒன்று வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க, என்று நீ கேட்டதும் பத்தாவது ஆளாக நெஞ்சை நிமிர்த்தி நின்றது யார்? உன் டாக்டர் பட்டத்தில் ஒரு காலாவது எனக்குத் தரவேண்டும்.

திருவிழா முடிந்த வாரம் நீயே போன் செய்து, "ஒம்பது பையும் சுத்தம்டா, ஒண்ணுல மட்டும் புகை இருக்கு, யாருதுன்னு எனக்கே இன்னும் தெரியாது" என்றாய். மறுநாள் விடுதிக்குத் திரும்ப பஸ்ஸுக்கு நின்றபோது பேயாண்டி அண்ணன் டீக்கடையில் அதைச் சொன்னேன். "காப்போட ஒருத்தர் ஊதிட்டார். யாருன்னு சொல்லமாட்டேன். ஆனா அவர் பக்கத்துல நின்னா கொசு செத்துப்போகும்." கடையே சிரித்தது. நாளுக்கு ரெண்டு கட்டுப் பீடி குடிக்கிற மாமாவுக்குக் கொசுவத்தி என்று பட்டப்பேர் வைத்தது நானா?

இப்போது முக்கிய அறிவிப்பு. மாமா ஊதவில்லை. யாருமே ஊதவில்லை. அந்தப் புகை என் கைவண்ணம். கோயில் தூபக்காலிலிருந்து சாம்பிராணிப் புகையை ஒரு பைக்குள் பிடித்துவிட்டேன். அம்புட்டுப் பெரிய மிஷின், ஒரு பிளஸ் டூ பையனிடம் ஏமாந்து போய்விட்டது. இதை மாமாவுக்கும் அத்தைக்கும் நீயே போனில் சொல்லிவிடு. சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
பல்கலைக்கழகத்தை ஊதித் தள்ளிய
அருண்பாண்டி

*

மதுரை
22 ஆகஸ்ட் 2024

அருண்பாண்டிக்கு,

இட்லி வெந்ததில் மகிழ்ச்சி.

முதல் தடவை படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு வெட்கமாக இருந்தது.

நீ சொல்வது நிஜமென்றால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? ஒரு பையில் ஒருவன் கைவைத்தான் என்றால் மற்ற பைகளையும் யாரும் நம்பமாட்டார்கள். எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த ஆடி வரைக்கும் நான் காத்திருக்கவேண்டும். இதைச் சொல்வதற்காக என் வழிகாட்டி அறைக் கதவு வரைக்கும் போனேன். போய்விட்டுத் திரும்பி வந்து, அந்தப் பைக்கு மிஷின் போட்ட கோட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

பையிலிருக்கும் மூச்சை ஒரு சின்னக் குழாய் வழியாக இழுப்போம். குழாய்க்குள் கறுப்பாக மணிமணியாக ஒரு பொருள் இருக்கும். மூச்சில் கலந்திருப்பதெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். குழாயைச் சூடாக்கினால் ஒவ்வொன்றாகப் பிரிந்து வரும். வர வர மிஷின் ஒரு கோடு போடும், கோடு அங்கங்கே மலைபோல் எழும்பும். ஒவ்வொரு மலைக்கும் ஒரு பெயர். பென்சீன் மலை பெட்ரோல் பங்கில் நின்றவன் மூச்சிலும் எழும்பும். சாம்பிராணி என்றால் பைனீன் என்று ஒன்று ஓங்கி நிற்கவேண்டும், மரப்பிசினின் வாசனை அது. அந்தப் பையில் அது பேருக்குக்கூட இல்லை. டைமெத்தில்ஃபியூரான் இருந்தது. பீடியோ சிகரெட்டோ இழுத்த நெஞ்சிலிருந்து வருவது. சாம்பிராணியை யாரும் நெஞ்சுக்குள் இழுத்துப் பிடித்து ஊதுவதில்லை.

உனக்குப் போன் செய்த அன்று என் கையில் எண்கள் மட்டும்தான் இருந்தன. பெயர்கள் வழிகாட்டியிடம் இருந்தன. இப்போது எனக்கும் தெரியும். யாரிடமும் சொல்லமாட்டேன். "உங்க மூச்சு எங்கிட்ட பத்திரமா இருக்கும்" என்று சொல்லித்தான் பத்துப் பேரிடமும் கேட்டு வாங்கினேன். இன்னாருடையது இல்லை என்றுகூடச் சொல்ல முடியாது. ஒருவரை இல்லை என்றால் அடுத்தவரைக் கேட்பார்கள், கடைசியில் ஒருவர் மிஞ்சுவார். இவ்வளவு தெரிந்தவள் அன்று சந்தோஷம் தாங்காமல் உன்னிடம் பாதியைக் கொட்டினேன். மூச்சு விட்டிருக்கக் கூடாது. உன்மேல் இருக்கிற கோபத்தில் பாதி என்மேல்தான்.

மலையம்மாள் அத்தை கூப்பிட்டிருந்தாள். அடுத்த வருஷம் மாமா காப்புக் கட்ட வரவேண்டாம் என்று ஊரில் சொல்லிவிட்டார்களாம். ஆடியில் மழை தப்பியதற்கும் அவரைத்தான் சொல்கிறார்களாம். உனக்கு இது தெரியுமா: காப்பை அவிழ்த்ததும் மற்றவர்களெல்லாம் கோயில் முக்கிலேயே பற்றவைத்தார்கள். மாமா மட்டும் நேரே வீட்டுக்குப் போய்ச் சோறு கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகும் தொடவில்லை. அப்படியே விட்டுவிடலாம் என்று இருந்திருக்கிறார். இப்போது அத்தைக்கே சந்தேகம். "காப்புலயே குடிச்ச மனுசன் இப்ப யாருக்குத்தா நடிக்கிறாரு?" என்று என்னிடம் கேட்டாள். பதில் தெரிந்தும், வேலை இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

சாம்பிராணிக் கதை நிஜமா என்று மட்டும் எழுது. வேறு எதுவும் வேண்டாம்.

பவதாரிணி

*

திருமங்கலம்
27 ஆகஸ்ட் 2024

அக்கா,

சாம்பிராணி வாபஸ்.

கோபப்படாதே. மாமாவைக் காப்பாற்றத்தான் அதைச் சொன்னேன். உன் பைகள் எல்லாம் குப்பைக்குப் போகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? யாரும் எந்தப் பையிலும் கைவைக்கவில்லை. வழிகாட்டி அம்மாவிடம் நீ போகவேண்டாம்.

இங்கே எல்லாரும் நலம். இட்லி பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது.

உட்கார்ந்து யோசித்ததில் ஒரு வழி கிடைத்தது. மிஷின் ரிப்பேர் என்று சொல்லிவிடேன். ஊரில் யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? "பழுதாப்போச்சு, யாரும் குடிக்கல, மன்னிச்சுக்கங்க" என்று பேயாண்டி அண்ணன் கடைக்கு நீ ஒரு போன் போட்டால் முடிந்தது. மாமா மறுபடி காப்புக் கட்டுவார், அத்தை சமாதானமாகிவிடுவாள், நீ யார் பேரையும் சொன்னதாகவும் ஆகாது. மிஷினுக்கு என்ன, அது கோவித்துக்கொண்டு அம்மா வீட்டுக்கா போகப்போகிறது?

இன்னொரு சந்தேகம். இது சும்மா பொது அறிவுக்காக. எங்கள் அறையில் அருள்பாண்டி என்று ஒருவன், அவன்தான் கேட்கச் சொன்னான். ஒருத்தர் தினமும் குடிக்கிற ஆள் இல்லை, ஒரே ஒரு தடவை என்று வைத்துக்கொள். அதற்கப்புறம் கொய்யா இலையை நன்றாக மென்று துப்பிவிட்டார். வாயில் துளி வாசம் இல்லை, பக்கத்தில் நின்றவருக்கே தெரியவில்லை. அப்போதுமா மிஷினுக்குத் தெரியும்?

அம்மாவிடம் இதைப் பற்றியெல்லாம் பேசாதே. போன வருஷம் எனக்கு டெங்கு வந்தபோது, பிழைத்து எழுந்தால் என் கையில் காப்புக் கட்டி, தான் அக்னிச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டாளே, அதைத்தான் இந்தத் திருவிழாவில் எடுத்தாள். வேப்பிலை வைத்துப் பிடித்தும் உள்ளங்கை கொப்புளம் போட்டுவிட்டது. ஆறிவிட்டதா என்று போனில் கேட்டேன். "அது கெடக்கு, நீ ஒழுங்கா சாப்பிடு" என்றாள்.

பதில் போடு.

அருண்

*

மதுரை
1 செப்டம்பர் 2024

அருண்,

அருள்பாண்டியின் பொது அறிவுக்கு: கொய்யா இலை வாய்க்குத்தான். நாங்கள் வாங்குவது நெஞ்சிலிருந்து வருகிற மூச்சு. ஒரே ஒரு தடவை என்றாலும், அது அன்று காலையில் என்றால் தெரியும்.

மிஷின் பழுது என்று சொல்லமாட்டேன். நல்லவள் என்பதால் இல்லை. உன் கடிதம் வந்த அன்றே பேயாண்டி அண்ணனைக் கூப்பிட்டேன். மணி அடித்தது, அவர் எடுப்பதற்குள் வைத்துவிட்டேன். மிஷின் பழுதென்றால் ஒன்பது பேர் எட்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததும் பழுதாகிவிடும். மாமா இருந்ததும்தான்.

நேற்று ஊருக்குப் போனேன். வழியில் பேரையூர் பஸ் ஸ்டாண்டிலேயே மாமாவைப் பார்த்துவிட்டேன். டைம் ஆபீஸ் பக்கம் தனியாக நின்றார். கையில் பீடி. என்னைப் பார்த்ததும் மறைக்கவில்லை. புகை என் பக்கம் வராமல் முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார். முதல் நாள் பைக்குள் ஊதும்போது, "பக்கத்துல நிக்காத தாயி, ஒனக்கு ஆகாது" என்றாரே, அதேபோல.

எப்போதிருந்து மாமா என்று கேட்டேன். நாலு நாளாக என்றார். பிறகு அவராகவே சொன்னார்: "குடிச்சாலும் அதே பேரு, குடிக்காட்டியும் அதே பேரு. அப்புறம் எதுக்குத் தாயி நெஞ்சக் கட்டிக்கிட்டுக் கெடக்கணும்?"

வருகிற பதினைந்தாம் தேதி மூன்றாவது பைக்கு நான் ஊருக்கு வரவேண்டும். காப்பை அவிழ்த்த பிறகும் பீடியைத் தொடாமல் இருக்கிறவர் மூச்சு எப்படி இருக்கிறது என்று பார்க்க. அப்படி இருந்தது அவர் ஒருவர்தான். ஓர் ஆளை வைத்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுத முடியாது. ஆனாலும் அந்தப் பைக்காகத்தான் நான் காத்துக்கொண்டிருந்தேன். "என்னையக் கூப்பிடாத" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

உங்கள் வீட்டுக்கும் போனேன். சித்தியின் உள்ளங்கையில் புதுத் தோல் வந்திருக்கிறது. நான் எதுவும் பேசவில்லை.

நான் பேசக்கூடாதவள். பேசக்கூடியவர் ஒருவர் இருக்கிறார். விநாயகர் சதுர்த்திக்கு அவருக்கு விடுதியில் லீவு விடுவார்களா என்பது எனக்குத் தெரியாது.

பவதாரிணி

*

ஊரிலிருந்து
8 செப்டம்பர் 2024

அக்கா,

லீவு விட்டார்கள்.

நேற்றுக் காலை பஸ்ஸில் வந்தேன். என்ன பேசவேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். திருமங்கலத்தில் ஏறும்போது பேச்சு பிரமாதமாக இருந்தது. ஊரில் இறங்கும்போது ஒரு வரி மிஞ்சவில்லை.

வீட்டுக்குப் போகாமல் நேரே மாமாவிடம் போனேன். கொட்டத்தில் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். அத்தை உள்ளே கொழுக்கட்டைக்கு மாவு பிசைகிற சத்தம் கேட்டது. வேறு எதுவும் வராமல், "அந்தப் பை என்னோடது மாமா" என்றேன்.

எந்தப் பை என்று அவர் கேட்கவில்லை. மாடு குடித்து முடிக்கிறவரைக்கும் வாளியைப் பிடித்தபடி நின்றார். பிறகு சொன்னார்: "எங்கிட்ட எதுக்கு மாப்ள சொல்ற? நான் குடிக்கலைன்னு எனக்குத் தெரியாதா? தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லு."

ரெண்டு அறை விட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

டீக்கடைக்குப் போனேன். அதே பெஞ்சு, கிட்டத்தட்ட அதே ஆட்கள். என்னைக் கண்டதும் பேயாண்டி அண்ணன், "வாடா, இன்னைக்கு என்ன அவுத்துவிடப் போற?" என்றார். எல்லாரும் சிரிக்கத் தயாராகத் திரும்பினார்கள். காப்போடு குடித்தது நான் என்றேன். நிஜமாகவே சிரித்தார்கள், அக்கா. நான் எதைச் சொன்னாலும் சிரிக்கிற மாதிரி அவர்களைப் பழக்கி வைத்திருக்கிறேன். இன்னொரு தடவை சொல்லவேண்டியிருந்தது.

"சிரிக்காதீங்கண்ணே. பத்தாவது பை என்னோடது. மாமா குடிக்கல. தெரிஞ்சேதான் அவரக் காட்டிவிட்டேன்."

பேயாண்டி அண்ணன் ஆற்றிக்கொண்டிருந்த டீ மேல் டம்ளரிலேயே நின்றது.

அதுதான் நிஜம். ஒரு பையில் புகை என்று நீ போனில் சொன்னதும் அது என்னுடையதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஜோக் குறும்பில் வரவில்லை, பயத்தில் வந்தது. யாரும் என்னைப் பார்த்துவிடக் கூடாது என்று எல்லாரையும் மாமா பக்கம் பார்க்க வைத்தேன். அது இம்புட்டு லேசாக நடந்துவிடும் என்று நினைக்கவில்லை.

நான் வீட்டுக்குப் போவதற்குள் சேதி போய்விட்டது. அம்மா அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். திட்டவில்லை. "சட்டியோட நான் வாரப்ப பக்கத்துலயே நடந்து வந்தியேடா" என்றாள். அம்புட்டுத்தான். தட்டில் கொழுக்கட்டை எடுத்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். பிள்ளையாருக்குப் படைத்த கொழுக்கட்டை எனக்கு உள்ளே இறங்கவில்லை.

சாயங்காலம் மாமா டீக்கடைக்கு வந்தார். பேயாண்டி அண்ணன் கேட்காமலே டீ போட்டு நீட்டினார். காப்பு விஷயத்தில் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் வாய் திறக்கவில்லை. மாமா பீடிக்கட்டைத் தூக்கி எறிந்தார் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. எறியவில்லை. சட்டைப்பையில்தான் இருந்தது. ஆனால் டீ குடித்து முடித்தும் அதை எடுக்கவில்லை. எழுந்து போகும்போது என் பக்கம் பார்க்காமலே சொன்னார்: "பதினஞ்சாந் தேதி அவளை வரச்சொல்லு மாப்ள, ஊதுறேன். நெஞ்சு இப்ப சுத்தமா இருக்காது. அதையும் சேத்தே எழுதிக்கிடட்டும்."

நானும் ஊதுகிறேன். ஒரு பை கூடுதலாகக் கொண்டு வா. என் பேரை நானே சொல்லிவிட்டதால் நீ யாரிடமும் மூச்சு விட்டதாக ஆகாது. அந்தப் பத்தாவது பையைக் குப்பையில் போடாதே. பீடி தொடாதவன் என்ற இடத்திலிருந்து மட்டும் அதை எடுத்துவிடு.

கடைசியாக ஒன்று. டீக்கடையில், "எம்புட்டு நாளாடா இந்தப் பழக்கம்?" என்று பேயாண்டி அண்ணன் கேட்டார். அந்த நிலைமையிலும், "ரெண்டு வருசமா" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டேன். விடுதியிலும் அப்படித்தான் அளந்து வைத்திருந்தேன். அதை நம்பி அருள்பாண்டி ஒரு சிகரெட்டைக் கொடுத்து, லீவு முடிந்து வந்ததும் எல்லார் முன்னாலும் வட்டம் விட்டுக் காட்டவேண்டும் என்று சொல்லி அனுப்பினான். ஒன்றும் தெரியாமல் போய் நின்றால் மானம் போய்விடுமே என்று, திருவிழா அன்று காலை ஊரே கோயிலில் இருந்த நேரத்தில், மோட்டார் ரூமுக்குப் பின்னால் அதற்கும் ஒத்திகை பார்த்தேன். வட்டமும் வரவில்லை, சதுரமும் வரவில்லை. இருமல் வந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, அப்புறம் வாந்தி வந்தது. கையிலிருந்த காப்பின் மேலேயே. பம்புசெட் தண்ணியில் கழுவினேன், கயிற்றில் இருந்த மஞ்சள் போய்விட்டது. அம்மா அடுப்படியிலிருந்து மஞ்சள் தூளை அள்ளித் தேய்த்துக்கொண்டு, கொய்யா இலையை மென்று துப்பிவிட்டு, உன் முன்னால் வந்து நின்று ஊதினேன்.

ரெண்டு வருஷமெல்லாம் இல்லை. அரை சிகரெட், அக்கா. மீதியைக் காற்றுதான் குடித்தது.

அருண்பாண்டி